வெறும் தொட்டி

பதில் வராத ஒன்றுக்காக எவ்வளவு காலம் காத்திருக்கலாம்? இப்படிக் கேட்டால் காதல் தோல்விக் கேள்வி மாதிரி இருக்கும். எனக்கு இது முதலில் வேலையில் வந்தது. பிறகு ஒரு பூந்தொட்டியில் வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தபோதுதான் இது ஒரு அறக்கேள்வி என்றும், தினமும் நாம் யோசிக்காமலேயே இதற்கு ஒரு விடையை எழுதிக்கொண்டிருக்கிறோம் என்றும் தோன்றியது. செடியிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் எளிது.

ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘ப்ளீடிங் ஹார்ட்’. ரத்தம் சொட்டும் இதயம். சென்னையில் நர்சரிக்குப் போய் இதே பெயரைச் சொன்னால் ஒரு கொடியைக் காட்டுவார்கள். வெள்ளைப் புல்லிக்குள்ளிருந்து சிவப்பாக எட்டிப் பார்க்கும் பூ. அது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, வேறு குடும்பம். நான் சொல்வது குளிர்நாட்டு நிழல்செடி. கசகசாச் செடியின் குடும்பம். நம்மூர்த் தரிசு நிலங்களில் மஞ்சள் பூவும் முள்ளுமாக நிற்கும் பிரம்மதண்டுக்குத் தூரத்து உறவு. சைபீரியா, வடசீனா, கொரியா பக்கத்து மலைக்காடுகள் அதன் ஊர். லின்னேயஸ் 1753லேயே அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார். ஆனால் ஐரோப்பியத் தோட்டங்களில் அது பரவியது 1840களில் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய பிறகுதான். பின்னாளில் சீனத் தேயிலைச் செடிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தாரே, அதே ஃபார்ச்சூன்.

வில் போல வளைந்த ஒரு தண்டு. அதில் துணி காயப்போட்ட மாதிரி வரிசையாகத் தொங்கும் ரோஸ் நிற இதயங்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வெள்ளைச் சொட்டு. பார்த்தவுடன் யாருக்கும் இதயம்தான் ஞாபகம் வரும் என்று நினைப்போம். அப்படியில்லை. ஜெர்மானியர்களுக்கு அது அழும் இதயம். பிரெஞ்சுக்காரர்களுக்கு மரியாளின் இதயம். சீனர்களுக்கோ அது பணப்பை. கொரியர்களுக்கும் ஜரிகைப் பை. ஜப்பானில் புத்தர் கோயிலில் தொங்கும் ஒரு அலங்காரத்தின் பெயர். அதே பூவைத் தலைகீழாகப் பிடித்து, தொட்டியில் குளிக்கும் பெண் என்று சொல்கிற ஆங்கிலேயர்களும் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. செடிக்கு இதயமும் கிடையாது, பையும் கிடையாது. ஒரு வண்டு வந்து உட்கார வசதியாக இதழ்களை மடக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நமக்குப் பாடம் நடத்த எந்தச் செடியும் பூப்பதில்லை. ஆனால் ஒரு செடியோடு வாழும்போது சில முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த முடிவுகள் நம்முடையவை. அவற்றைப் பற்றி யோசிக்கலாம்.

*

நான் இருப்பது அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டில் பக்கம். மூன்றாவது மாடி, வடக்குப் பார்த்த பால்கனி. வெயில் நேராக விழவே விழாது. தக்காளி, ரோஜா எல்லாம் இங்கே கனவு. நிழலில் வாழும் செடிதான் வாழும். இந்தப் பக்கத்துக் காடுகளிலேயே ப்ளீடிங் ஹார்ட்டின் உறவுக்காரச் செடி ஒன்று தானாக முளைக்கிறது. டைசென்ட்ரா ஃபார்மோசா என்று பெயர். பெரிய மேப்பிள் மரங்களின் அடியில், ஃபெர்ன்களுக்கு நடுவில், ஈரமான இலைமக்கில் வசந்தத்தில் பார்க்கலாம்.

தொட்டியில் வைத்த பழைய ஆசிய வகைக்கு இங்கே ஒரு கால அட்டவணை உண்டு. மார்ச்சில் மண்ணைக் கிழித்துக்கொண்டு சிவந்த முளைகள் வரும். வளர்வது கண்ணுக்குத் தெரியும் என்கிற அளவுக்கு வேகம். ஏப்ரல், மே மாதங்களில் பூ. இரண்டு, மூன்று அடி உயரத்துக்குத் தழைத்து நிற்கும். ஜூனில் இலை மஞ்சளாகத் தொடங்கும். வெயிலும் வறட்சியும் ஏற ஏற, தண்டு தானாகச் சாய்ந்து காய்ந்துவிடும். ஜூலை முடிவதற்குள் தொட்டியில் வெறும் மண். அடுத்த மார்ச் வரைக்கும் வெறும் மண்தான். வருடத்தில் பாதிக்கு மேல் அது இல்லை. அல்லது இல்லாதது போல் இருக்கிறது.

உண்மையில் அது இருக்கிறது. மண்ணுக்கடியில் சதைப்பற்றான வேர்கள், அவற்றின் தலைப்பகுதியில் அடுத்த வருடத்துக்கான மொட்டுகள். கோடையில் இலையை வைத்துக்கொண்டிருந்தால் நீரை இழக்க வேண்டும். அதனால் கடையைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுகிறது. பிறகு ஒரு குளிர்காலம் அதற்குத் தேவை. குளிரைக் கடக்காமல் அது ஒழுங்காக எழுந்து பூக்காது. சென்னையில் இதை வளர்க்க முடியாததற்கு வெயில் பாதிக் காரணம்தான். தூங்கி எழ அங்கே ஒரு குளிர்காலம் இல்லை என்பது மீதிக் காரணம்.

முதல் வருடம் இதை வளர்க்கும் யாரும் ஜூலையில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். செத்துப்போச்சா?

அந்தக் கேள்விக்குப் பிறகு இந்தச் செடி இரண்டு விதமாகச் சாகிறது. ஒன்று, கைவிடப்பட்டு. தொட்டியைக் கவிழ்த்துக் குப்பையில் கொட்டிவிட்டு அதில் வேறு எதையாவது நடுவார்கள். தரையில் இருந்தால், இங்கே ஒண்ணும் இல்லையே என்று மண்வெட்டியைப் போடுவார்கள். வேர்கள் சட்டென்று ஒடியக்கூடியவை, அதோடு முடிந்தது. இரண்டாவது சாவு இன்னும் பரிதாபமானது. அக்கறையால் வருவது. வாடுகிறதே என்று பதறி இன்னும் நீர், இன்னும் உரம். இலை இல்லாத செடி நீரை இழுக்காது. நீர் மண்ணிலேயே நிற்கும், வேர் அழுகும். உறங்கிக்கொண்டிருந்ததை எழுப்பப் போய்க் கொன்றுவிடுகிறோம்.

இரண்டு சாவுக்கும் காரணம் ஒன்றுதான். மேலே தெரிவதை மட்டும் வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று முடிவு கட்டுவது. ஒருவர் “செத்துவிட்டது” என்று முடிவு கட்டுகிறார். இன்னொருவர் “செத்துக்கொண்டிருக்கிறது” என்று. “ஓய்வெடுக்கிறது” என்கிற மூன்றாவது வாய்ப்பு இருவர் கணக்கிலும் இல்லை.

*

என் துறையில் இதற்கு ஒரு பெயர் போன வடிவம் உண்டு. பல கணினிகள் சேர்ந்து ஒரு வேலையைச் செய்யும்போது, ஒவ்வொன்றும் சில நொடிகளுக்கு ஒருமுறை “இருக்கிறேன்” என்று ஒரு சிறு செய்தி அனுப்பும். அதற்குப் பெயர் ஹார்ட்பீட். இதயத்துடிப்பு. பெயர் வைத்தவர்களுக்கு இந்தப் பூ தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது. துடிப்பு வரவில்லை என்றால் கொஞ்சம் பொறுப்போம். அந்தப் பொறுமைக்கு ஒரு எண் உண்டு, டைம்அவுட். 5 நொடி, 30 நொடி, ஏதோ ஒன்று. அது தாண்டினால் அந்தக் கணினி செத்ததாகக் கொண்டு அதன் வேலையை இன்னொன்றிடம் கொடுத்துவிடுவோம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. செய்தி வரவில்லை என்றால் அந்தக் கணினி நின்றுபோயிருக்கலாம். அல்லது அது மெதுவாக இயங்கிக்கொண்டிருக்கலாம். அல்லது அது அனுப்பிய செய்தி வழியில் எங்கோ சிக்கியிருக்கலாம். செய்தி வந்துசேர இவ்வளவு நேரம்தான் ஆகும் என்று உறுதி இல்லாத வலையமைப்பில், வெளியே இருப்பவருக்கு இவற்றுக்கிடையே வித்தியாசம் தெரியாது. திறமைக் குறைவால் தெரியாமல் போவதில்லை. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தெரியாது. 1985ல் மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பேட்டர்சன் மூவரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. அப்படிப்பட்ட அமைப்பில் ஒரே ஒரு கணினி நின்றுபோகக்கூடும் என்றால்கூட, மற்றவை எல்லாம் எப்போதும் ஒருமித்த முடிவுக்கு வந்தே தீரும் என்று உறுதி தரும் நிச்சயமான வழிமுறை எதுவும் இல்லை என்று அவர்கள் நிரூபித்தார்கள். அந்த முடிவின் அடியில் இருப்பது இந்தச் சங்கடம்தான். இறந்ததையும் தாமதிப்பதையும் மௌனத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.

அப்படியென்றால் டைம்அவுட் எண் எங்கிருந்து வருகிறது? அது கண்டுபிடித்த உண்மை இல்லை, நாம் எடுத்த முடிவு. சின்ன எண் வைத்தால் உயிரோடு இருப்பதைச் செத்ததென்று ஒதுக்கிவிடும் தவறு அடிக்கடி நடக்கும். பெரிய எண் வைத்தால் செத்ததை வைத்துக்கொண்டு காத்திருக்கும் தவறு நடக்கும். இரண்டு தவறையும் ஒரேயடியாகத் தவிர்க்க வழியில்லை. எந்தத் தவறோடு வாழ நான் தயார் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஒரு வரி நிரலில் உட்கார்ந்திருக்கும் 30 என்கிற எண்ணுக்குள் ஒரு மதிப்பீடு இருக்கிறது.

கணினிகள் விஷயத்தில் சின்ன எண் பெரும்பாலும் சரிதான். ஒன்று போனால் அதே மாதிரி இன்னொன்று. எங்கள் துறையில் பேச்சுவாக்கில் சொல்வார்கள், சர்வர்களைச் செல்லப்பிராணி மாதிரி நடத்தாதே, மந்தை மாதிரி நடத்து என்று. பெயர் வைக்காதே, நோய் வந்தால் வைத்தியம் பார்க்காதே, மாற்று. சர்வர்களுக்கு நல்ல அறிவுரை. அதைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த நாங்கள், நாளெல்லாம் ‘கடைசியாகப் பார்த்தது’ என்ற வரியைத் திரையில் பார்க்கும் நாங்கள், எல்லாவற்றுக்கும் அதே எண்ணை வைக்கப் பழகிவிட்டோமோ என்பதுதான் என் சந்தேகம்.

*

பூந்தொட்டிக்காரர்களின் உலகமும் இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு கண்டிருக்கிறது. போகாத செடியை உருவாக்குவது.

ஜப்பானின் உயர்மலைகளிலும் கம்சாட்கா பக்கத்திலும் சரளைக்கற்களுக்கு நடுவில் வாழும் ஒரு குள்ள வகை இருக்கிறது. டைசென்ட்ரா பெரெக்ரினா. ஜப்பானியர்கள் அதைக் கோமாகுசா என்பார்கள். மொட்டு குதிரை முகம் போல இருப்பதால் குதிரைச் செடி என்று பொருள். மேலே சில அங்குலம்தான் தெரியும். வழுக்கிக்கொண்டே இருக்கும் சரளைக்கு அடியில் வேர் அதைப்போலப் பலமடங்கு நீளம் ஓடும். சமவெளித் தோட்டத்தில் வளர்ப்பது மகா கஷ்டம். அதையும், அமெரிக்கக் கிழக்கின் அப்பலாச்சிய மலைகளைச் சேர்ந்த எக்ஸிமியாவையும், எங்கள் பக்கத்து ஃபார்மோசாவையும் கலந்து ‘கிங் ஆஃப் ஹார்ட்ஸ்’ என்ற கலப்பினத்தை உருவாக்கினார்கள். ஏறக்குறைய ஒரு அடி உயரம். நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில், ஃபெர்ன் மாதிரி நறுக்கிய இலை. மண்ணில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் வசந்தத்தில் தொடங்கிப் பனி விழும் வரை விட்டுவிட்டுப் பூத்துக்கொண்டே இருக்கும். சின்ன தொட்டிக்கும் நிழல் பால்கனிக்கும் அளவெடுத்துத் தைத்தது போல.

அது ஓயாமல் பூப்பதற்கு அதன் மலட்டுத்தன்மையும் ஒரு காரணம். காட்டுவகைகள் விதை கட்டும். விதையில் கொழுப்பான சின்ன ஒட்டுப்பகுதி ஒன்று இருக்கும். எறும்புகள் அதற்காக விதையைத் தூக்கிப்போய், வேண்டியதைத் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடும், அங்கே புதுச்செடி முளைக்கும். விதை கட்டியதும் செடிக்கு வேலை முடிந்தது, அது ஓயலாம். மலட்டுச்செடிக்கு அந்த முடிவு வருவதில்லை. விதைக்குப் போயிருக்க வேண்டிய சத்து அடுத்த பூவுக்குப் போகிறது.

இதை வைத்து ஒரு சுலபமான புலம்பல் எழுதலாம். எப்போதும் பூக்க வேண்டும் என்று கேட்டு அதன் சந்ததியைப் பறித்துவிட்டோம், நவீன மனிதனின் பேராசை, இத்யாதி. நான் அதை எழுதப் போவதில்லை. ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் இருக்கிற மனிதரிடம் போய், வருடத்தில் பாதிக்கு மேல் வெறும் மண்ணைப் பார்த்துப் பொறுமை பழகு என்று சொல்வது அநியாயம். இருட்டான பால்கனியில் செப்டம்பரில் ஒரு பூ என்பது சின்ன விஷயமில்லை. என்னிடமும் அந்தக் குள்ளச்செடி இருக்கிறது, பழைய வகைக்குப் பக்கத்துத் தொட்டியில். இரண்டும் பிடிக்கும்.

என் கேள்வி வேறு. எப்போதும் இருக்கும் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகிய கண், போய்விட்டு வருவதை எப்படிப் பார்க்கும்? “அது எப்பவும் இருக்கே, உனக்கென்ன கேடு?” என்று தோன்றாமல் இருக்குமா? எப்போதும் இருப்பதில் பழுது ஒன்றுமில்லை. ஆனால் ஒன்று எப்போதும் இருப்பதாலேயே மற்றவையும் இருந்தாக வேண்டும் என்று அதை அளவுகோல் ஆக்குகிறோமே, பழுது அங்கே வருகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. டிசம்பரில் கிங் ஆஃப் ஹார்ட்ஸும் போய்விடும். உறைபனி வந்தால் அதுவும் தரைமட்டமாக மடிந்து உள்ளே போய்விடும். கோடையில் நீர் காட்டாமல் விட்டால் அதற்கு முன்பே போய்விடும். போகாத செடி என்று வாங்கிவந்தது, தாமதமாகப் போகும் செடிதான். அதன் வெறும் தொட்டிக்காலம்தான் இன்னும் ஆபத்தானது. தரையில் இருக்கும் வேருக்குச் சுற்றியுள்ள பூமி ஒரு போர்வை. தொட்டியில் இருக்கும் வேருக்கு நாலு பக்கமும் குளிர்காற்று. அதனால்தான் தொட்டியில் வைப்பதென்றால் உன் ஊர்க் குளிரைவிட இரண்டு படி அதிகக் குளிரைத் தாங்கும் செடியாகப் பார்த்து வாங்கு என்பார்கள். எங்கள் ஊரில் குளிரோடு மழையும் சேர்ந்து கொட்டும். வடியாத தொட்டி என்றால் பிப்ரவரிக்குள் வேர் கூழ். எப்போதும் இருக்கும் என்று நம்பி வாங்கிய ஒன்று முதல்முறை போகும்போது, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருப்பதில்லை. பழைய வகையை வளர்த்தவருக்குத் தெரிந்திருக்கும்.

*

இதெல்லாம் செடிக் கதை. எனக்கு இது மனிதக் கதையானது என் மனைவியின் கல்லூரித் தோழிகளின் வாட்ஸப் குழுவைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோது. ஏழு பேர். அதில் ஒருத்தி, அம்மா இறந்த சில மாதங்களில் பேசுவதை நிறுத்திவிட்டாள். போன் எடுப்பதில்லை. செய்தியைப் பார்த்ததற்கான நீலக்கோடு வரும், சில நேரம் அதுவும் வராது. பிறந்தநாள் வாழ்த்து கிடையாது. ஒரு தோழியின் கல்யாணத்துக்கு வரவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை.

முதலில் எல்லோரும் பதறினார்கள். தினமும் “என்னடி ஆச்சு”, “ப்ளீஸ் பதில் போடு”, “நாங்க என்ன தப்பு பண்ணோம்”. ஒரு மாதத்தில் பதற்றம் கோபமானது. “அவளுக்கு நாம வேணாம். மதிக்காதவளை நாம ஏன் தாங்கணும்?” குழுவிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒருத்தி எழுதினாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. உண்மையிலேயே காயப்பட்டிருந்தார்கள். மௌனத்துக்கு நாமே ஒரு அர்த்தம் எழுதிக்கொள்ளும்போது, அதில் பெரும்பாலும் நாம்தான் மையப் பாத்திரம்.

என் மனைவி மட்டும் ஒரு காரியம் செய்தாள். மாதத்துக்கு ஒரு செய்தி. அதில் கேள்விக்குறியே இருக்காது. “இன்னைக்கு இங்க செம மழை.” “ஹாஸ்டல் மெஸ் சாம்பார் மாதிரியே ஒண்ணு நானே வெச்சுட்டேன், கேவலமா இருக்கு.” அவ்வளவுதான். ஏன் எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை என்றேன். “கேட்டா அவ பதில் சொல்லணும்ல. சொல்ல முடிஞ்சா சொல்லியிருப்பாளே” என்றாள்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஒருநாள் அந்தத் தோழியிடமிருந்து ஒரு வரி வந்தது. பிறகு மெல்ல மெல்ல நிறைய. கடுமையான மனச்சோர்வு, சிகிச்சையில் இருந்திருக்கிறாள். பின்னொரு நாள் அவள் என் மனைவியிடம் சொன்னதை இங்கே எழுத இருவரும் சம்மதித்தார்கள். “திட்டி வந்ததையும் திறக்க முடியல, அழுது வந்ததையும் திறக்க முடியல. ரெண்டுக்கும் ஏதாவது பண்ணணும். உன்னோடதுக்கு ஒண்ணும் பண்ண வேணாம். அதனால அதை மட்டும் திறந்து பார்ப்பேன்.”

தொட்டியைக் கவிழ்ப்பது, நீரூற்றி அழுகவைப்பது என்ற இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் செய்ய முடியும் என்று நான் பார்த்தது அப்போதுதான். வேர் முழுக்க உலர்ந்துவிடாமல் எப்போதாவது கொஞ்சம் ஈரம். அதற்கு மேல் வேண்டாம்.

*

இங்கே ஒரு எதிர்க்கேள்வி நியாயமாகவே எழும். அப்போ எல்லா மௌனத்துக்கும் காத்திருக்கணுமா? காத்திருந்து காத்திருந்து வாழ்க்கையை இழந்தவர்கள் இல்லையா? பொறுமை என்ற பெயரில் பெண்களிடம் நம் சமூகம் எவ்வளவு பிடுங்கியிருக்கிறது?

உண்மை. அதனால் மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்கிறேன்.

முதலாவது, மௌனம் வேறு, மறுப்பு வேறு. என் மனைவியின் வேறொரு தோழி “இனி தொடர்பு வேண்டாம்” என்று தெளிவாக எழுதிவிட்டு விலகினாள். அவளுக்கும் மாதம் ஒரு செய்தி அனுப்புவாயா என்று கேட்டேன். “அவதான் பதில் சொல்லிட்டாளே. அது வேற” என்றாள். வேண்டாம் என்று சொன்னவர் செய்தியை அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகும் வாசலில் நிற்பதைப் பொறுமை என்று அழைத்துக்கொள்ளக் கூடாது. தொல்லை என்பதுதான் அதற்குச் சரியான சொல்.

இரண்டாவது, காத்திருப்புக்கு எல்லை உண்டு. ஆனால் அந்த எல்லை எங்கிருந்து வர வேண்டும்? என் அவசரத்திலிருந்து வந்தால் ஜூலையிலேயே தொட்டியைக் கவிழ்ப்பேன். என் பாசத்திலிருந்து வந்தால் அழுகிய வேரை மூன்று வருடம் வைத்திருப்பேன். செடியின் இயல்பிலிருந்து வர வேண்டும். ப்ளீடிங் ஹார்ட் கோடையில் போவது, குளிர் கழிந்து வருவது. ஆகஸ்டில் அதன் மௌனத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஏப்ரல் முடிந்தும் மௌனம் என்றால் அதற்கு அர்த்தம் உண்டு. அப்போது விரலால் மேல்மண்ணை மெல்ல விலக்கிப் பார்க்கலாம். வேர் கெட்டியாக, மொட்டு தெரிந்தால் மூடிவிட்டு வந்துவிடலாம். கூழாகி நாற்றம் அடித்தால் முடிந்தது, தொட்டியைக் காலி செய்யலாம். அதில் குற்ற உணர்வு வேண்டியதில்லை. குருட்டு நம்பிக்கைக்கும் இந்தக் காத்திருப்புக்கும் வித்தியாசம் இதுதான்: இதற்கு எதிராளியைப் பற்றிய அறிவு தேவைப்படுகிறது. அறியாத ஒன்றுக்காகச் சரியாகக் காத்திருக்க முடியாது.

மனிதர்களுக்கு அப்படி அச்சிட்ட அட்டவணை கிடையாது. அதனால் என் துறையிலிருந்தே இன்னொன்றை எடுத்துக்கொள்கிறேன். 1996ல் சந்திராவும் டூயெக்கும் எழுதிய கட்டுரை ஒன்று, நம்ப முடியாத கண்காணிப்பானை வைத்துக்கொண்டே நம்பகமான அமைப்பைக் கட்ட முடியுமா என்று ஆராய்கிறது. பதில் வராத கணினியை அதில் “இறந்தது” என்று குறிப்பதில்லை. “சந்தேகப்படுகிறேன்” என்றுதான் குறிப்பார்கள். சந்தேகத்தைத் திரும்பப் பெறலாம். சந்தேகித்த கணினியிடமிருந்து பிறகு ஒரு துடிப்பு வந்துவிட்டால், அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அந்தக் கணினிக்கான காத்திருப்பு நேரத்தைக் கூட்டி வைக்கும் வழிமுறையும் உண்டு. இவன் மெதுவானவன், அடுத்தமுறை இன்னும் கொஞ்சம் பொறு. ஒரு நிரலுக்கே எழுதிவைக்கக்கூடிய இந்த நாகரிகம் நமக்குள் இயல்பாக வருவதில்லை. தாமதமாக வந்தவரிடம் நாம் பெரும்பாலும் அடுத்தமுறை இன்னும் சீக்கிரம் பொறுமையிழக்கிறோம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. காத்திருப்பது என்றால் வெறுமையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று நினைக்கிறோம். அனுபவப்பட்ட தோட்டக்காரர் அப்படிச் செய்வதில்லை. ப்ளீடிங் ஹார்ட்டுக்குப் பக்கத்தில் ஹோஸ்டாவையோ ஃபெர்னையோ வைப்பார். அது மடியத் தொடங்கும் நேரத்தில் இவை விரிந்து அந்த இடத்தை மூடிக்கொள்ளும். கோடை முழுக்கத் தோட்டம் பச்சையாகத்தான் இருக்கும். போனதன் இடம் பறிக்கப்படவில்லை, ஆனால் அந்த இடம் புண்ணாகவும் இல்லை. காத்திருப்பவர் வாழாமல் இருக்க வேண்டியதில்லை. தன் வாழ்க்கையை வாழ்ந்துகொண்டே, ஒரு சாண் இடத்தில் மட்டும் மண்வெட்டி போடாமல் இருந்தால் போதும். என் மனைவி அந்த ஒரு வருடத்தில் துக்கம் காத்துக்கொண்டிருக்கவில்லை. வேலை மாறினாள், கார் ஓட்டப் பழகினாள், மற்ற தோழிகளோடு ஊர் சுற்றினாள். மாதத்துக்கு ஒரு நிமிடம் அவளுக்கு ஆனது.

*

யாராவது இந்தச் செடியை வைக்கப் போகிறீர்கள் என்றால் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். குளிர்காலம் உள்ள ஊர் வேண்டும். நிழல், அல்லது காலை வெயில் மட்டும். இலைமக்கு கலந்த மண், அதில் பெர்லைட் மாதிரி நீரை வடியவிடும் ஏதாவது. தொட்டிக்கு அடியில் ஓட்டை கட்டாயம். வளரும் காலத்தில் மண் காயக் கூடாது, உறங்கும் காலத்தில் நனைந்து நிற்கக் கூடாது. குளிரில் தொட்டியைச் சுவரோரமாக, கூரைக்கு அடியில் நகர்த்தி வையுங்கள். செடி முழுக்க நஞ்சு, குழந்தைகளும் பூனைகளும் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இலை எல்லாம் மடிவதற்கு முன் ஒரு சின்ன பட்டையில் பெயரை எழுதி மண்ணில் செருகிவிடுங்கள். செடிக்கு அது தேவையில்லை. செப்டம்பரில் தொட்டியைக் காலி செய்ய வரும் கைக்கு, அது உங்கள் கையாகவே இருக்கலாம், அந்தப் பட்டை தேவை. இங்கே ஒன்று இருக்கிறது, இப்போதைக்குத் தோண்டாதே என்று அது சொல்லும். நாம் நினைவில் வைத்திருப்போம் என்று நம்புவதைவிட எழுதிச் செருகிவைப்பது நல்லது.